வனபர்வக் கதைகளைத் தாண்டிப் போகலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: மகாபாரதத்தை முதல்முறையாக முழுசாகப் படிக்கிறீர்கள். சூதாட்டம் முடிந்து பாண்டவர்கள் காட்டுக்குக் கிளம்பும் வரை புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. வனபர்வத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. ஒரு முனிவர் வருகிறார், கதை சொல்கிறார், கிளம்புகிறார். அவர் போனதும் அடுத்தவர் வருகிறார். இதெல்லாம் பின்னால் யாரோ ஒட்டவைத்ததுதானே, தாண்டிப் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்கள்.

தாண்டிப் போகலாம். நானும் முதல்முறை தாண்டித்தான் போனேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் தாண்ட மனசு வரவில்லை. இந்த முனிவர்கள் பெரும்பாலும் தாங்களாக வாயைத் திறப்பதில்லை. யாரோ கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு அன்றைக்கு ஏதோ ஒரு இடத்தில் வலிக்கிறது. கதையை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் அது பாட்டி சொன்ன கதை மாதிரி இருக்கும். கேட்டவர் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல இடங்களில் அது கொஞ்சம் சங்கடமான கதையாக மாறிவிடுகிறது.

ஒட்டவைத்ததா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நூலே ஒப்புக்கொள்கிறது. உபாக்கியானங்கள், அதாவது கிளைக்கதைகள், இல்லாமல் 24,000 சுலோகம் கொண்டது பாரதம் என்று ஆதிபர்வத்திலேயே ஒரு வரி வருகிறது. வழக்கில் லட்சம் சுலோகம் என்கிறோம். புனேயில் பண்டார்க்கர் ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை ஏராளமான ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் நிற்பது முக்கால் லட்சத்தைச் சுற்றி. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் தந்தத்தை ஒடித்து எழுதினார் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை அந்தப் பதிப்பின் மூலத்தில் இல்லை, பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. ஆனால் நளன் கதை இருக்கிறது, சாவித்திரி இருக்கிறாள், மார்க்கண்டேயர் இருக்கிறார். எந்த நூற்றாண்டில் வந்து சேர்ந்தவையாக இருந்தாலும், சுவடிகள் எட்டும் தூரம் வரை இந்தக் கதைகள் உள்ளேதான் இருக்கின்றன. சேர்த்தவர் யாராயினும், எந்த இடத்தில் செருகுகிறோம் என்று தெரிந்துதான் செருகியிருக்கிறார்.

நளனையே எடுத்துக்கொள்வோம். அர்ச்சுனன் ஆயுதம் தேடி இந்திரலோகம் போய்விட்டான். காமியக வனத்தில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். பீமன் அண்ணனைப் பிடிபிடியென்று பிடிக்கிறான்: உன் சூதாட்டத்தால்தான் எல்லாம் போயிற்று, இப்போதே போய் அவர்களைக் கொல்வோம் என்று. அந்தப் பேச்சு முடியாதபோதே பிருகதசுவர் என்ற முனிவர் வந்து சேர்கிறார். தருமர் அவரை உபசரித்து உட்காரவைத்துவிட்டு மனத்தில் இருப்பதைக் கொட்டுகிறார். என்னை ஏமாற்றிச் சூதில் தோற்கடித்தார்கள், என்னைவிடத் துர்ப்பாக்கியசாலியான அரசன் இந்தப் பூமியில் உண்டா, பார்த்தோ கேட்டோ இருக்கிறீர்களா?

உண்டு, நிடத நாட்டு நளன் என்கிறார் முனிவர். அவனும் சூதில் தோற்றான். உனக்காவது தம்பிகள் இருக்கிறார்கள், சுற்றி அந்தணர்கள் இருக்கிறார்கள்; அவன் தனியாகக் காட்டில் கிடந்தான். வெளிப்படையாகச் சொல்லும் ஆறுதல் இவ்வளவுதான். துக்க வீட்டில் யாரும் சொல்கிற ஆறுதல். ஆனால் கதைக்குள் போங்கள். நளன் நாட்டை இழந்து, பொன்னை இழந்து, உடுத்தியதைத் தவிர ஒன்றுமில்லாமல் நிற்கும்போது, அவனைச் சூதில் வென்ற தம்பி புட்கரன் சிரித்துக்கொண்டே கேட்கிறான்: இன்னும் தமயந்தி இருக்கிறாளே, அவளை வைத்து ஆடலாமா? நளன் பதில் பேசவில்லை. நெஞ்சு வெடிக்கும் கோபத்தோடு அவனைப் பார்த்துவிட்டு, நகைகளைக் கழற்றிவைத்துவிட்டு, ஒற்றை ஆடையோடு வெளியே நடக்கிறான்.

இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தருமர். அதே கேள்வி அவரிடம் சகுனி கேட்டது. அவர் திரௌபதியைப் பணயம் வைத்தார். பிருகதசுவர் ஒரு வார்த்தைகூட ஒப்பிட்டுச் சொல்லவில்லை. "நீ இப்படிச் செய்தாய், அவன் அப்படிச் செய்தான்" என்று விரல் நீட்டவில்லை. நளன் எழுந்து போன காட்சியைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்கிறார். பீமன் முகம் எப்படி இருந்தது, தருமர் தலை குனிந்தாரா என்று நூலும் சொல்லவில்லை. எனக்கு மகாபாரதம் முழுக்கவே மிகவும் பிடித்த மௌனங்களில் இது ஒன்று.

சரி, நளன் உத்தமன், தருமர் தப்புச் செய்தவர் என்று முடித்துவிடலாமா? அதற்கும் கதை விடுவதில்லை. நளன் காட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் மனைவியின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு அவளைத் தனியே விட்டுப் போகிறான். கடைசியில் நாட்டை மீட்கத் திரும்பி வந்து ஆடும்போது, தமயந்தியையும் தான் சம்பாதித்த அனைத்தையும் பணயமாக வைக்கிறேன் என்று அவனே சொல்கிறான். அப்போது அவனுக்கு ஆட்டம் தெரியும், தோற்க மாட்டான், ஆனாலும் வைத்தான். அந்த வரி வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். உறுத்தட்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவனுக்கு ஆட்டம் எப்படித் தெரிந்தது என்பது இன்னொரு அழகு. நளன் உருவம் மாறிப் பாகுகன் என்ற பெயரில் அயோத்தி அரசன் இருதுபர்ணனிடம் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்ததும் அரசன் இலை இவ்வளவு, காய் இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்து அந்தக் கணக்கு வித்தையை வாங்கிக்கொள்கிறான். அந்த நொடியில், அவனைப் பிடித்துச் சூதில் தோற்கவைத்த கலி அவன் உடம்பிலிருந்து வெளியேறி அந்த மரத்துக்குள் புகுந்துகொள்கிறான். ஏன் தான்றி? பழங்காலத்தில் சூதாடியது அந்தக் காயை வைத்துத்தான். நாட்டுமருந்துக் கடையில் திரிபலாப் பொடிக்குக் கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்ப்பார்களே, அதே தான்றிக்காய். எண்ணத் தெரியாதவனுக்கு அது கலி, எண்ணத் தெரிந்தவனுக்கு வெறும் காய்.

கதை முடிந்ததும் பிருகதசுவர் கிளம்பிப் போய்விடவில்லை. மறுபடி யாராவது சூதுக்குக் கூப்பிடுவார்களோ என்று உனக்குப் பயம் இருக்கிறது, அதைத் தீர்க்கிறேன் என்று சொல்லி, அட்சஹிருதயம் என்ற அந்தப் பகடை வித்தையைத் தருமருக்குக் கற்றுத் தருகிறார். பதின்மூன்றாம் ஆண்டில் தருமர் விராடன் சபையில் எந்த வேடத்தில் போய் நிற்கிறார்? கங்கன் என்ற பெயரில், சூதாட்டத் துணைவனாக. பீமன் சமையற்காரன். மாறுவேடத்தில் இன்னொரு அரசனிடம் வேலை பார்த்துக் காலம் கழிக்கலாம் என்ற வழியை நளன் ஏற்கெனவே நடந்து காட்டிவிட்டான். நளன் கதையைத் தாண்டிப் போனவர்களுக்கு விராட பர்வம் புதிதாகத் தெரியும். படித்தவர்களுக்கு அது ஒத்திகை பார்த்த நாடகம்.

இத்தனையும் யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு முறை பின்னால் நகர்ந்து பாருங்கள். பிருகதசுவர் தருமருக்குச் சொல்கிறார். அதை வைசம்பாயனர், அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன் ஜனமேஜயனுக்குச் சொல்கிறார். அதை உக்கிரசிரவஸ், நைமிசாரண்யத்தில் பன்னிரண்டு ஆண்டு வேள்வியில் இருக்கும் சௌனகருக்கும் மற்ற முனிவர்களுக்கும் சொல்கிறார். வியாசர் தன் மகன் சுகரோடு சேர்த்து ஐந்து பேருக்குப் பாரதத்தைக் கற்பித்தார். வைசம்பாயனர் அவர்களில் ஒருவர். ஜனமேஜயன் வியாசரிடமே கேட்கிறான், என் முன்னோர்களுக்குள் ஏன் சண்டை வந்தது, நீங்கள் கண்ணால் பார்த்தவர், சொல்லுங்கள் என்று. வியாசர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவரைக் காட்டி, நீ சொல் என்கிறார். தன் பிறப்பு, தன் தாய் சத்தியவதி, தான் பெற்ற பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் வெட்டிக்கொண்டு செத்தது எல்லாவற்றையும் ஒரு சீடன் சபையில் சொல்ல, கிழவர் உட்கார்ந்து கேட்கிறார். நூலாசிரியர், கதாபாத்திரம், செத்தவர்களின் தாத்தா, இப்போது சபையில் ஒரு ஆள்.

நைமிசாரண்யத்துக் கதைசொல்லி இன்னும் சுவாரசியம். உக்கிரசிரவஸ் முனிவர் இல்லை, சூதர். அவர் அப்பா பெயர் லோமஹர்ஷணர். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறிய வைப்பவர் என்று பொருள். தேரோட்டுவதும் அரச குலங்களின் கதை சொல்வதும் சூதர்களின் தொழில். கதைக்குள் கர்ணனைச் சபையில் அவமானப்படுத்த "சூதபுத்திரன்" என்று சொன்னால் போதும். கதைக்கு வெளியே அதே குலத்து ஆள் நடுவில் உட்கார்ந்திருக்க, வேதம் படித்த முனிவர்கள் சுற்றி உட்கார்ந்து, மேலே சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கதை சொல்வது முனிவர்களின் சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், வெளிச்சட்டத்தில் அவர்கள் கேட்பவர்கள். அதுவும் எளிதில் திருப்தி அடையாத கேட்பவர்கள். சௌனகர் பிருகு குலத்தார். முதலில் எங்கள் பிருகு வம்சக் கதையைச் சொல், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்கிறார். சொந்த ஊர்க்காரனைப் பார்த்தால் முதலில் நம் தெருவைப் பற்றி விசாரிப்பது போலத்தான்.

ஜனமேஜயன் கேட்ட சூழல்தான் இதில் முக்கியம். அவன் அப்பா பரீட்சித்து, தவத்தில் இருந்த சமீகர் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டுவிட்டு, அவர் மகன் சிருங்கியின் சாபத்தால் தட்சகன் கடித்துச் செத்தான். அதற்குப் பழியாக உலகத்துப் பாம்புகளையெல்லாம் நெருப்பில் விழவைக்கும் வேள்வி. அந்த வேள்விச் சடங்குகளின் இடைவேளைகளில்தான் பாரதம் சொல்லப்படுகிறது. பழிக்குப் பழி என்று ஒரு குலமே அழிந்த கதையை, பழிவாங்கிக்கொண்டிருப்பவன் காதில், அவன் பழிவாங்கும் இடத்திலேயே சொல்கிறார்கள். ஆதிபர்வத்தின் தொடக்கத்தில் உருரு என்பவனின் கதை வரும். மணக்க இருந்தவளைப் பாம்பு கடித்ததால் கண்ணில் படும் பாம்பையெல்லாம் தடியால் அடிக்கிறவன். ஒரு துண்டுபப் பாம்பு, நான் விஷமில்லாதவன், என்னை ஏன் அடிக்கிறாய் என்று நிறுத்திக் கேட்கிறது. கடைசியில் ஆத்திகன் என்ற இளம் முனிவர் வந்து ஜனமேஜயனின் வேள்வியை நிறுத்துவதற்கு முன்னோட்டம் இது.

சடங்கின் இடைவேளையில் கதை என்பது நமக்கு அந்நியமில்லை. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கூரத்தில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. அது 7-ஆம் நூற்றாண்டு. ஆனால் வில்லிபுத்தூரார் தமிழில் பாடியபோது பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்து பக்கம் பக்கமாகக் கதை சொல்லும் சாந்தி பர்வம் அதில் இல்லை. தாண்டிப் போனவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

மார்க்கண்டேயருக்கு வருவோம். நமக்கு மார்க்கண்டேயன் என்றால் திருக்கடையூர், என்றும் பதினாறு. மகாபாரதத்தில் வருபவர் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவர், பார்த்தால் 25 வயது ஆள் மாதிரி இருக்கிறார். பிரளயத்தில் எல்லாம் மூழ்கியபின் ஆலமரக் கிளையில் ஒரு குழந்தையைப் பார்த்து, அதன் வயிற்றுக்குள் போய் உலகம் முழுவதையும் சுற்றி வந்ததைத் தன் அனுபவமாகச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சொல்லும் கௌசிகன் கதை. மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணன் தலையில் கொக்கு ஒன்று எச்சமிட, கோபமாகப் பார்க்கிறான், அது செத்து விழுகிறது. வருத்தப்பட்டுக்கொண்டே பிச்சைக்குப் போகிறான். ஒரு வீட்டுப் பெண், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள், பசியோடு வந்த கணவனைக் கவனிக்கப் போய்விட்டுத் தாமதமாக வருகிறாள். இவன் கண் சிவக்கிறது. அவள் அமைதியாக, நான் கொக்கு இல்லை ஐயா, கோபத்தை விடுங்கள் என்கிறாள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா!" அதே கதைதான். தமிழில் அந்தணன் இடத்தில் கொங்கணச் சித்தர், வீட்டுப் பெண் இடத்தில் வள்ளுவர் மனைவி வாசுகி. நம் கதை பெரும்பாலும் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். மார்க்கண்டேயர் அங்கே முடிப்பதில்லை. தருமம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் மிதிலைக்குப் போய் ஒரு வேடனைப் பாருங்கள் என்று அந்தப் பெண் அனுப்புகிறாள். போய்ப் பார்த்தால் அவன் இறைச்சிக் கடையில் உட்கார்ந்து மான் கறியும் எருமைக் கறியும் விற்றுக்கொண்டிருக்கிறான். அந்தம்மாதானே அனுப்பினார்கள் என்று அவனே எழுந்து வந்து கேட்கிறான். தன் தொழிலின் கொடுமையை மறைக்காமல் பேசுகிறான். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் தாய் தந்தையரைக் காட்டி, இவர்கள்தான் எனக்குத் தெய்வம் என்கிறான். பிறகு, நீங்கள் பெற்றோரிடம் சொல்லாமல் வேதம் படிக்க வந்துவிட்டீர்கள், அழுது அழுது அவர்களுக்குக் கண் போய்விட்டது, திரும்பிப் போங்கள் என்கிறான். படித்தவன் ஒருவனுக்கு ஒரு இல்லத்தரசியும் கசாப்புக்காரனும் பாடம் நடத்திய கதையை, தருமரைச் சூழ்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தணக் கூட்டத்தின் நடுவில் ஒரு முனிவர் சொல்கிறார். கூட்டத்தில் யாராவது நெளிந்திருப்பார்கள்.

தருமர் பன்னிரண்டு ஆண்டில் திருந்திவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். வனபர்வத்தின் பின்பகுதியில் ஜயத்ரதன் திரௌபதியைத் தூக்கிக்கொண்டு போய், பாண்டவர்கள் மீட்டு வந்தபின், மார்க்கண்டேயரிடம் அவர் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? என்னைவிடத் துர்ப்பாக்கியசாலி உண்டா? அதே கேள்வி! நளன் கதை கேட்டு மறந்துவிட்டார் போலிருக்கிறது. மார்க்கண்டேயர் சலிக்காமல் இந்த முறை இராமன் கதையைச் சொல்கிறார், மனைவியைப் பறிகொடுத்து மீட்டவன் என்பதால். அதற்கப்புறம்தான் கேள்வி மாறுகிறது. எனக்காகவோ தம்பிகளுக்காகவோ நாட்டுக்காகவோ நான் இவ்வளவு வருந்தவில்லை, திரௌபதிக்காக வருந்துகிறேன். சூதில் மூழ்கிய எங்களைக் கரையேற்றியவள் அவள். இவளைப் போல ஒரு பெண் உண்டா? அதற்கு விடை சாவித்திரி. கணவன் உயிரை யமனிடமிருந்து பேசியே மீட்டவள். தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் முதல்முறையாக அவளைப் பற்றிக் கேட்கிறார். இந்த நகர்வைக் கவனிக்காமல் சாவித்திரி கதையை மட்டும் பிடுங்கி நோன்புக் கதையாகச் சொல்லும்போது பாதி போய்விடுகிறது.

எல்லா முனிவரும் இப்படி மறைமுகம் இல்லை. நாரதருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஐந்து பேர் ஒரு மனைவியோடு இருக்கிறார்கள் என்றதும் வந்து, சுந்தன் உபசுந்தன் என்று இரண்டு அசுரச் சகோதரர்கள், பிரிக்க முடியாதவர்கள், திலோத்தமை என்ற ஒருத்திக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு செத்தார்கள் என்று சொல்கிறார். உடனே பாண்டவர்கள் அவர் முன்னாலேயே ஒப்பந்தம் போடுகிறார்கள்: ஒருவர் திரௌபதியோடு தனித்திருக்கும்போது இன்னொருவர் நுழைந்தால் 12 ஆண்டு வனவாசம். ஒரு கதை ஒரே அமர்வில் சட்டமான இடம் இது. அர்ச்சுனனே அதில் மாட்டிக்கொண்டான் என்பது வேறு. சபா பர்வத்தில் அதே நாரதர் கதையே சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளுகிறார். உன் நாட்டில் பெரிய ஏரிகள் நிரம்பி, பகுதி பகுதியாக அமைந்திருக்கின்றனவா, விவசாயம் வானத்தை மட்டும் நம்பி நடக்கவில்லையே என்று ஒரு கேள்வி. எந்தக் காலத்து மாவட்ட ஆட்சியரிடமும் கேட்கலாம்.

நீங்கள் மகாபாரதத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் முனிவர் ஒருவர் மாணவனுக்குக் கதை சொல்லும் அழகைப் பார்க்க வேண்டுமானால் வால்மீகியின் பாலகாண்டம்தான். விசுவாமித்திரர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். பாடம் எதுவும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. வழியில் ஓர் ஆசிரமம் வருகிறது, இது யாருடையது என்று இராமன் கேட்கிறான், மன்மதன் உடல் இழந்த கதை வருகிறது. பாழடைந்த காடு, தாடகையின் கதை. கங்கை, பகீரதன் கதை. இடம்தான் பாடப்புத்தகம். சோணை ஆற்றங்கரையில் ஒரு இரவு, தன் குலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்துகிறார்: கதை சொல்லிச் சொல்லியே பாதி ராத்திரி போய்விட்டது, தூங்குங்கள், நாளைக்கு நடக்க வேண்டும். மரங்கள் அசையவில்லை, பறவைகளும் விலங்குகளும் அடங்கிவிட்டன, வானம் கண்ணாக நட்சத்திரங்களைக் கொண்டு பார்க்கிறது என்று வர்ணிக்கிறார். ஆயிரம் ஆண்டு தவம் செய்த ஆள் பிள்ளைகளைத் தூங்கச் சொல்வதில் ஒரு தாத்தாவாகிவிடுகிறார். கங்கைக் கதை கேட்ட மறுநாள் காலை இராமன், அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் இரவு ஒரு நொடி போலப் போய்விட்டது என்கிறான்.

மிதிலைக்கு வெளியே ஆளில்லாத ஆசிரமம். இது யாருடையது? அகலிகை கதை. அங்கே நடந்தது நமக்குத் தெரியும். அதற்கடுத்த காட்சியைப் பலர் கவனிப்பதில்லை. ஜனகன் சபையில் புரோகிதராக இருக்கும் சதானந்தர் அந்த அகலிகையின் மகன். விசுவாமித்திரரைப் பார்த்ததும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்: என் அம்மாவை இராமனுக்குக் காட்டினீர்களா? அவள் அவனை உபசரித்தாளா? என் அப்பா அவளோடு சேர்ந்துகொண்டாரா? எல்லாம் நடந்தது என்று தெரிந்ததும், நன்றி சொல்வது போல, இராமன் பக்கம் திரும்பி விசுவாமித்திரரின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அது புகழ்ச்சி மாலை இல்லை. வசிட்டரின் பசுவைப் பறிக்கப் பார்த்தது, தோற்றது, பொறாமையில் தவம் செய்தது, திரிசங்கு, சுனச்சேபன், மேனகை, கோபத்தால் தவம் வீணானது என்று ஏறக்குறைய 15 சருக்கம். அத்தனை நாள் கதை சொல்லிக்கொண்டு வந்த ஆசிரியர், தன் சறுக்கல்களை எல்லாம் வேறொருவர் தன் மாணவன் முன் சொல்ல, உட்கார்ந்து கேட்கிறார். நடுவில் ஒரு மறுப்பு இல்லை.

ஆசிரியர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. மகாபாரதத்தின் தொடக்கத்தில் அயோத தௌமியர் என்ற கடுமையான குரு வருவார். வயல் வரப்பு உடைந்ததற்குத் தானே குறுக்கே படுத்த ஆருணி, பசியில் எருக்கிலை தின்று கண் இழந்து கிணற்றில் விழுந்த உபமன்யு எல்லாம் அவர் மாணவர்கள். மூன்றாவது மாணவர் வேதர். குருகுலத்தில் மாடு போல உழைத்தவர். பின்னாளில் அவர் குருவானபோது தன் மாணவர்களை ஒரு வேலையும் ஏவவில்லை. குருகுல வாசத்தின் துக்கம் தெரிந்தவர், அதனால் மாணவர்களை வருத்த மனம் வரவில்லை என்று நூல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஆருணியை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்கிறார்கள். வேதரை யாரும் சொல்வதில்லை.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். வனபர்வம் புனே பதிப்பில் 299 அத்தியாயம். எல்லாவற்றையும் முதல் தடவையே படிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். புலஸ்தியர் வாயிலாக வரும் தீர்த்தப் பட்டியல் உண்மையிலேயே பட்டியல்தான். எந்தக் குளத்தில் குளித்தால் எத்தனை பசு தானம் செய்த பலன் என்று போகும். கூசாமல் தாண்டுங்கள். லோமசர் என்ற முனிவரோடு பாண்டவர்கள் போகும் யாத்திரையில் சியவனர், ருசியசிருங்கர், அட்டாவக்கிரர் கதைகளைப் படித்துவிட்டு நடுவில் வரும் ஆறுகளை விடலாம். நளன், கௌசிகன், சாவித்திரி இந்த மூன்றையும் விட வேண்டாம். ஒவ்வொன்றும் தொடங்குவதற்கு முந்தைய பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள், கேள்வி அங்கேதான் இருக்கும்.

பர்வத்தின் கடைசியில் ஒரு குளம் வரும். நான்கு தம்பிகளும் தண்ணீர் குடித்துச் செத்துக் கிடப்பார்கள். பன்னிரண்டு ஆண்டு வருகிற முனிவரையெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த தருமரை, இப்போது வேறொருவர் கேள்வி கேட்பார். நான் பாசியும் மீனும் தின்னும் கொக்கு என்றுதான் அந்தக் குரல் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். பூமியைவிடக் கனமானது எது என்று கேட்கும். தாய் என்பார். வானத்தைவிட உயர்ந்தது? தந்தை. மிதிலைக் கசாப்புக்காரனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு முதியவர்களை அப்போது நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.